சீட்டுப் பணத்தில் மனை வாங்கலாமா?

அன்புள்ள ஐயா,

மதுரை தெற்கு மாசி வீதியில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். வயது 45. பென்ஷன் கிடையாது. வீட்டுச் செலவு மாதம் 25,000 ரூபாய். அடுத்த மாதம் சீட்டுப் பணம் 5 லட்சம் வருகிறது. மேலூர் ரோட்டில் ஒரு மனை வாங்கிப் போட்டால் கடைசிக் காலத்துக்கு ஆகும் என்கிறார்கள். வாங்கலாமா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். மனை விலை ஏறலாம். ஆனால் நாளைக்கு 68 வயதில் மருந்துக்கும் மளிகைக்கும் பணம் தேவைப்படும்போது அதில் கால் சென்ட்டை மட்டும் விற்க முடியாது. அவசரத்துக்கு விற்கிறவர் என்று தெரிந்தால் விலையை அடித்துக் கேட்பார்கள். உங்களுக்கு வேண்டியது மாதா மாதம் வரும் பணம்.

முதலில் ஒன்றரை லட்சத்தை, அதாவது ஆறு மாதச் செலவை, வங்கி டெபாசிட்டில் போடுங்கள். தீபாவளிச் சரக்கு எடுக்க அதைத் தொடக்கூடாது. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் அதையும் உடனே எடுங்கள்.

அடுத்தது பி.பி.எஃப்., அதாவது பொது வருங்கால வைப்பு நிதி என்ற 15 ஆண்டு அரசுச் சேமிப்புத் திட்டம். ஒருவர் ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை போடலாம். வட்டி இப்போது 7.1 சதவீதம், வரி கிடையாது. வியாபாரிகள் பலர் தவறுவது தேதியில். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிந்ததிலிருந்து மாதக் கடைசிவரை கணக்கில் இருக்கும் குறைந்தபட்சத் தொகைக்குத்தான் வட்டி. ஏப்ரல் 5க்குள் 1.5 லட்சம் கட்டினால் அந்த ஆண்டே 10,650 ரூபாய் வட்டி; வரிக்காக மார்ச் கடைசியில் ஓடிப்போய்க் கட்டினால் அந்த ஆண்டுக்கு ஒரு பைசா வராது. தீபாவளி லாபத்தைச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கி வைத்து ஏப்ரல் முதல் வாரம் கட்டுங்கள்.

இப்படி 15 ஆண்டும் ஏப்ரல் முதல் வாரத்தில் 1.5 லட்சம் கட்டினால், வட்டி இதே அளவில் நின்றால், 15 ஆண்டு முடிவில் சுமார் 40.68 லட்சம் சேரும். கணக்கு தொடங்கிய நிதியாண்டு முடிந்த பிறகுதான் 15 ஆண்டு எண்ணப்படும் என்பதால், பணம் கைக்கு வர உங்களுக்கு 61 ஆகிவிடும். அதில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இன்றைய 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய், மாதக் கணக்கில் 20,500. தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் 9 லட்சம் போட்டால் 7.4 சதவீதத்தில் 5,550. ஆக மொத்தம் 26,050.

இது போதாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் உங்கள் 25,000 ரூபாய்ச் செலவு 15 ஆண்டில் 60,000 ஆகிவிடும். பாதிகூடத் தேறவில்லை. அதனால்தான் வீட்டம்மா பெயரிலும் தனியாக ஒரு பி.பி.எஃப். தொடங்கச் சொல்கிறேன், அவருக்கு உச்சவரம்பு தனி. சீட்டுப் பணத்தில் மிச்சமுள்ள மூன்றரை லட்சத்தில் இரண்டு கணக்குக்கும் முதல் ஆண்டுத் தொகை ஆகிவிடும். மீதிப் பள்ளத்தை நிரப்ப, நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (50 பெரிய கம்பெனிகளின் பங்குகளில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) மாதம் முடிந்ததைப் போடுங்கள். அது ஏறி இறங்கும். 60 நெருங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக டெபாசிட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

பி.பி.எஃப். கணக்கைக் கடை பெயரில் தொடங்க முடியாது, உங்கள் பெயரில்தான். தொடங்கும் அன்றே நாமினி பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.