மருத்துவர்கள் ஏன் சிகிச்சைப் பணியை விட்டு விலகுகிறார்கள்? அவர்களைத் தக்கவைக்க என்ன செய்யலாம்?

காரைக்குடிக்கு அருகே ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றும் மருத்துவர் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். என்னோடு படித்தவர்களில் சிலர் இன்று காப்பீட்டு நிறுவனங்களில் கிளெய்ம் கோப்புகளைச் சரிபார்க்கிறார்கள். சிலர் முதுநிலை நீட் தேர்வுக்கு இணையவழியில் வகுப்பெடுக்கிறார்கள். குடிமைப் பணித் தேர்வு எழுதிப் போனவர்களும் உண்டு. சம்பளம் ஒரு காரணம்தான். 2019 அக்டோபர் இறுதியில் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, 2009-ஆம் ஆண்டு அரசாணை 354-இன்படி ஊதிய உயர்வு வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கையாக இருந்தது. ஆனால் விலகியவர்களிடம் மனம்விட்டுப் பேசினால், நோயாளியைப் பார்க்கவே நேரம் தராத வேலையில் மருத்துவராக இருந்து என்ன பயன் என்பதில்தான் பேச்சு வந்து நிற்கிறது.

காலையில் புறநோயாளிகள் சீட்டுப் போட்டுக்கொண்டு காத்திருக்கும்போதே, கர்ப்பிணிகளின் விவரம் அவர்களுக்கான அரசு இணையப் பதிவுத் தளமான பிக்மியில் ஏறிவிட்டதா, சர்க்கரை நோயாளிகளின் பதிவு முடிந்ததா என்று தொலைபேசி வந்துவிடும். மதியத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். முகாம் நடந்ததற்குப் புகைப்படம் அனுப்ப வேண்டும். ஆய்வுக் கூட்டத்துக்குப் போக வேண்டும். இவை எதுவும் தேவையற்றவை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் மகப்பேறு மரணங்கள் குறைந்ததில் இத்தகைய கண்காணிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்தச் சுமையை மருத்துவர் தலையிலேயே ஏற்றினால், குறைவது நோயாளிக்கான நேரம்தான்.

அந்த நேரத்தின் மதிப்பு செட்டிநாட்டில் நன்றாகவே தெரியும். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, முதியவர்கள் மட்டுமே தங்கியிருக்கும் வீடுகள் இங்கே அதிகம். சர்க்கரை சற்றும் குறையாத ஓர் ஆச்சிக்கு, வரும்போதெல்லாம் இன்சுலின் அளவு கூட்டப்பட்டே வந்திருந்தது. கூட்டமில்லாத ஒரு நாளில் அவரிடமே சிரிஞ்சைக் கொடுத்து, வீட்டில் எப்படிப் போட்டுக்கொள்வீர்களோ அப்படியே செய்து காட்டுங்கள் என்றேன். குப்பியில் ஊசியைச் செருகி இழுத்தார். சிரிஞ்சில் பாதிக்கு மேல் காற்றுதான் ஏறியது. "கோடு எங்கே கண்ணுக்குத் தெரியுது டாக்டரம்மா, ஒரு குத்துமதிப்பா இழுத்துக்குவேன்" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போட்டுவிடச் சொல்லி, இனி முழு மருந்தும் உள்ளே போகும் என்பதால் அளவையும் குறைத்துத் தொடங்கி, கண்புரைச் சிகிச்சைக்கும் அனுப்பி வைத்தோம். இதற்காகத்தான் படித்தோம் என்று எந்த மருத்துவருக்கும் தோன்றும் தருணம் இது. இத்தகைய தருணங்கள் அரிதாகும்போதுதான் ராஜினாமா எண்ணம் வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில், பணிச்சோர்வை ஒரு நோயாகக் கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவாகவே குறித்திருக்கிறது. ஆகவே சோர்ந்துபோன மருத்துவருக்கு யோகா வகுப்பு நடத்துவது எனக்குப் போதுமான விடையாகப் படவில்லை. தரவுப் பதிவுக்கென்று ஓர் ஊழியரை முழுநேரமாக அமர்த்தினாலே புறநோயாளிகள் பிரிவின் நிலை மாறிவிடும்; ஒரே விவரத்தை வெவ்வேறு தளங்களில் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நிறுத்த வேண்டும்.

இரவுப் பணியில் எவரையும் தனியாக விடக் கூடாது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 முதலே தனிச் சட்டம் இருந்தும், 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில், அதுவும் பட்டப்பகலில், ஒரு மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டார். அப்படியிருக்க, கதவுக்குத் தாழ்ப்பாள்கூடச் சரியில்லாத ஓய்வறையில் ஓர் இளம் பெண் மருத்துவரை இரவு முழுவதும் இருக்கச் சொல்வது நியாயமே அல்ல.

தக்கவைக்கும் வழி தெரியாத மாநிலமும் அல்ல இது. அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் 50 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் முறை இளைஞர்கள் பலரைக் கிராமப் பணிக்கு அழைத்து வந்திருக்கிறது. அத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. படித்து முடித்தவர்களை அவரவர் துறைக்கேற்ற இடத்தில் அமர்த்துவதும், இடமாறுதலைச் சிபாரிசுக்கு விடாமல் வெளிப்படையான கலந்தாய்வில் முடிப்பதும் அதன் தொடர்ச்சியாக வேண்டும். குழந்தை பிறந்தபின் வேலையை விட்ட பெண் மருத்துவர்கள் இந்தப் பகுதியிலேயே பலர் இருக்கிறார்கள். காலை நேரப் பணி மட்டும் என்று அழைத்தால் நாளைக்கே வருவோம் என்று என்னிடம் சொன்னவர்களும் அவர்களில் உண்டு. முறையான ஊதியத்துடன் அந்தப் பகுதிநேரப் பணியை முதலில் தொடங்கலாம்.