படிப்பும் அமர்வும்: கோத்தகிரியிலிருந்து சில பதில்கள்

பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உள்ள நூல்களை நாற்பது ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அவற்றுள் முப்பது ஆண்டுகள் சிறு குழுக்களுக்குத் தியானமும் கற்பித்திருக்கிறேன். புனேயில் பாலி பயின்று, கண்டியில் இரண்டு ஆண்டுகள் தங்கி, கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் கோத்தகிரியில் வசிக்கிறேன். மலையூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் என் துறைக்கு உட்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

குன்னூர் வாசகர்: அம்மா, நான் சென்ற தியான மையத்தில் புத்தகத்தைத் தொடக்கூடாது என்றார்கள். என் பேராசிரியரோ, தியானம் செய்பவரின் ஆய்வை நம்ப முடியாது என்கிறார். நீங்கள் எந்தப் பக்கம்?

இந்தச் சண்டை மிகப் பழையது. சேதி நாட்டுச் சகஜாதி என்னும் ஊரில் மகாசுந்தத் தேரர் என்னும் மூத்த பிக்கு ஆற்றிய உரை ஒன்று, பாலி உரைத் தொகுப்புகளுள் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. தம்மத்தை, அதாவது புத்தரின் போதனையை, ஆராயும் பிக்குகள் தியானிகளைப் பார்த்து, இவர்கள் எதைத்தான் தியானிக்கிறார்களோ என்று நகைக்கிறார்கள். தியானிகளோ ஆராய்பவர்களைச் செருக்குப் பிடித்த வாயாடிகள் என்று இகழ்கிறார்கள். இரு தரப்பினரும் மற்றவரைப் புகழப் பழக வேண்டும், ஏனெனில் இரண்டு வகையினருமே உலகில் அரியவர்கள் என்று தேரர் முடிக்கிறார்.

ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த தியான வழிகாட்டி நூலான விசுத்திமக்கம், தியானத்துக்குத் தடையாகும் பத்துப் பொருள்களை அடுக்கும்போது, வீடு, சுற்றம், நோய் ஆகியவற்றோடு நூலையும் சேர்த்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஓயாமல் ஓதிக்கொண்டிருப்பவனுக்கே அது தடை என்றும் அந்நூல் வரையறுக்கிறது. அங்கேயே ஒரு கதை வருகிறது. மஜ்ஜிம நிகாயம் என்னும் மற்றொரு உரைத் தொகுப்பை ஓதுவதில் வல்ல தேரர் ஒருவர் ஓதுதலை விட்டுவிட்டுத் தியானத்தில் இறங்குகிறார். இருபதாம் ஆண்டில் ஞானம் பெற்றுத் திரும்பி வந்து பாடம் சொல்லும்போது, ஓர் எழுத்தில்கூட அவருக்குத் தடுமாற்றம் நேரவில்லை. புத்தகத்தை மூடச் சொல்பவர்கள் இக்கதையின் முன்பாதியை மட்டுமே எடுத்துச் சொல்வார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். கவனத்தை நிலைநிறுத்தும் முறையைச் சொல்லும் சதிபட்டான சுத்தத்தில் (பாலியில் சுத்தம் என்றால் புத்தரின் உரை) கவனிக்க வேண்டியவற்றுள் இரண்டாவதாக வருவது ‘வேதனா’. தமிழ்ச் செவிக்கு அது வேதனை, அதாவது வலி. தொடக்கத்தில் பல ஆண்டுகள் என் முழங்கால் வலியை மட்டும் கண்ணும் கருத்துமாகக் கவனித்துக்கொண்டு, கம்பளிக்குள் பரவும் வெதுவெதுப்பையும், காலைத் தேநீரை எண்ணியதும் மனம் கொள்ளும் இனிமையையும் கணக்கில் சேர்க்காமலே அமர்ந்திருந்தேன். பாலியில் அச்சொல் இன்பம், துன்பம், இரண்டுமற்றது என மூன்றையும் குறிக்கும். இது வகுப்பில் நானே பிறருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆயினும் மணையில் உட்காரும்போது தமிழ்ச் சொல்தான் என்னை ஆண்டது. துன்பம் எழும் காரணத் தொடரான பன்னிரு சார்புகளை மணிமேகலை சொல்லுமிடத்தில் இதனை ‘நுகர்வு’ என்று மொழிபெயர்த்திருப்பதை ஒருநாள் மறுபடி வாசித்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. மணையில் செய்த பிழையை நூல்தான் திருத்தியது. மறுதலையாக, அத்தொடரில் நுகர்வுக்குப் பின் ஏன் ‘வேட்கை’ வருகிறது என்பதை வெறும் வாசிப்பினால் நான் ஒருபோதும் விளங்கிக்கொண்டிருக்க மாட்டேன்.

தர்மானந்த கோசாம்பியின் வாழ்க்கையைத் தேடிப் படியுங்கள். 1876இல் கோவாவில் பிறந்து, 1902இல் இலங்கைக்குச் சென்று பாலி கற்று, பர்மாவில் தியானம் பயின்று, பின்னர் ஹார்வர்டில் விசுத்திமக்கத்தைப் பதிப்பிக்கும் பணியில் உழைத்தவர். அவரைப் போய் எந்தப் பக்கம் என்று கேட்க முடியுமா?

ஊட்டி வாசகர்: கண்ணை மூடினால் நட்சத்திரம்போல வெளிச்சம் தெரிகிறது. இது முதல் படியா?

மூச்சைக் கவனிப்பவருக்கு நட்சத்திரம், முத்துக்குவியல், புகை, சிலந்தி வலை, நிலவு எனப் பலவாறு தோன்றலாம் என்று விசுத்திமக்கமே எழுதிவைத்திருக்கிறது. வெளிச்சத்தைக் கண்டு நான் அடைந்துவிட்டேன் என்று எண்ணுவதை அதே நூல் பிற்பகுதியில் குற்றங்களின் வரிசையில் முதலாவதாக வைக்கிறது. மூச்சுக்குத் திரும்புங்கள்.

கோத்தகிரி வாசகி: சுத்தங்களில் காட்டுக்குச் செல், மரத்தடியில் அமர் என்றிருக்கிறதே, சோலைக்குள் போய் அமரலாமா?

வேண்டாம். நம்மூர்த் தேயிலைச் சரிவுகளில் மாலையானால் கரடியும் காட்டெருமையும் நடமாடுகின்றன. மூச்சைக் கவனிப்பதைச் சொல்லும் ஆனாபானசதி சுத்தம் காடு, மரத்தடி, வெற்று வீடு என மூன்று இடங்களைச் சொல்கிறது. நாம் மூன்றாவதை எடுத்துக்கொள்வோம்.

மஞ்சூர் வாசகர்: நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் அமர வேண்டும்?

சுத்தங்களில் நிமிடக் கணக்கு கிடையாது. தொடக்கத்துக்கு இருபது நிமிடம் போதும்.

கூடலூர் வாசகர்: என் தாத்தா பாட்டி இலங்கையின் நுவரெலியா எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள். நான் டேன்டீ (தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் லயனில் வளர்ந்தேன். பௌத்தம் என்றாலே எங்கள் வீட்டில் முகம் மாறிவிடும். எங்களை விரட்டியவர்களின் பாலியை நான் ஏன் படிக்க வேண்டும்?

படித்தே ஆக வேண்டும் என்று நான் எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லும் தகுதி எனக்கு இல்லவே இல்லை. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கே தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் பங்கு என்று பிரித்துக் கொடுத்தது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அந்நாட்டு இனவாத அரசியலின் முன்வரிசையில் பிக்குகள் சிலர் நின்றார்கள் என்பதை மறைப்பதில் பொருளில்லை. கண்டியில் இருந்த காலத்தில், விருந்தாளி என்ற பெயரில் இவற்றைப் பற்றி நான் வாய் திறக்காமல் இருந்தேன். அதில் எனக்குப் பெருமையில்லை.

ஆனால் பாலி அவர்களுடையது என்பதை மட்டும் மறுக்கிறேன். பாலியில் பல நூல்களை எழுதிய புத்ததத்தர் சோழ நாட்டு உறையூரைச் சேர்ந்தவர். காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து எழுதியவர். விசுத்திமக்கம் இயற்றிய புத்தகோசர், காஞ்சிபுரத்தில் தம்முடன் தங்கியிருந்த ஜோதிபாலர் என்பவர் வேண்டிக்கொண்டதால் அங்குத்தர நிகாயத்துக்கு உரை எழுதியதாகத் தாமே குறிப்பிடுகிறார். உங்கள் பாட்டியிடம் பறிக்கப்பட்டவற்றின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். திரும்பப் பெறுவதும் வேண்டாம் என்பதும் உங்கள் விருப்பம்.

அருவங்காடு வாசகர் (மேற்கண்ட பதிலைக் குறித்து): பாலியை ஏன் இழுக்கிறீர்கள்? தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் தமிழிலேயே பௌத்தத்தைத் தந்துவிட்டார். அவருக்குச் சமத்துவம் முதன்மை. உங்கள் தியானம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு.

இறுதி வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. வார இறுதியில் காரில் வந்து அமைதி தேடிப் போகிறவர்களை நானும் பார்க்கிறேன்.

அயோத்திதாசரைப் பொறுத்தவரை, அவர் இந்த மலையில் வளர்ந்தவர் என்பதே நமக்குப் பெருமை. ஆயினும் 1870இல் அவர் நீலகிரியில் தொடங்கியது அத்வைதானந்த சபை. பௌத்தத்துக்கு அவர் வந்து சேர்ந்தது 1898இல், பிரம்மஞான சபையின் ஆல்காட்டுடன் இலங்கைக்குச் சென்ற ஆண்டில். கொழும்பின் வழியாக வந்த பௌத்தத்தையே அவர் தமிழாக்கினார். 1907 முதல் அவர் நடத்திய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைப் புரட்டினால், பௌத்தத்தின் ஐந்து ஒழுக்க நெறிகளான பஞ்சசீலத்தை அவர் சமத்துவத்திலிருந்து பிரிக்கவே இல்லை என்பது விளங்கும். சீலத்தை வைத்துக்கொண்டு, அதன்மேல் நிற்கும் தியானத்தை மட்டும் ஆடம்பரம் என்று கழிப்பது அவர் செய்த வேலையன்று, நீங்கள் செய்வது.

ஊட்டி, கல்லூரி ஆசிரியர்: அயோத்திதாசரின் சொல்லாராய்ச்சியை வரலாறாக ஏற்க முடியாது என்பதையும் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

பலவற்றை நானும் ஏற்பதில்லை. ஆனால் பறிக்கப்பட்ட வரலாற்றை மீட்க முனைந்தவரின் சொற்பிரிப்பில் பிழை காண்பது எளிது. அவர் எழுப்பிய கேள்விக்கு மறுமொழி சொல்வது அரிது. இதைப் பற்றி மேலும் ஏழு கடிதங்கள் வந்துள்ளன, அனைத்தையும் படித்தேன். இத்துடன் இதை நிறுத்திக்கொள்வோம்.

குன்னூர் வாசகி: மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். பத்து நாள் முகாமுக்குச் செல்லும்போது நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். முகாம் விண்ணப்பத்தில் உண்மையை மறைக்காமல் எழுதுங்கள். அதிகாலை நான்கு மணி முதல் இரவு ஒன்பது வரை, பேச்சின்றிப் பத்து நாள் இருப்பது எல்லோருக்கும் எல்லாக் காலத்திலும் உகந்ததன்று. ஒரு முகாமில் மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டு வந்த இளைஞர் ஒருவர் ஐந்தாம் நாள் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேத்தி வாசகர்: தினமும் எவ்வளவு நேரம் அமர்வது நல்லது?

மஞ்சூர் வாசகருக்குச் சொன்னதே.

எடப்பள்ளி வாசகர்: எத்தனை நாளில் பலன் கிடைக்கும்?

சதிபட்டான சுத்தம் ஏழு ஆண்டில் தொடங்கி ஏழு நாள் வரை இறங்கி வருகிறது. உங்கள் கேள்வியின் அவசரத்தைப் பார்த்தால் ஏழு ஆண்டு என்று வைத்துக்கொள்வது நல்லது.

அரவேணு வாசகர்: குண்டலினி விழித்துவிட்டதா என்று எப்படி அறிவது?

யோக ஆசிரியரிடம் கேளுங்கள். என் துறையன்று.

கூடலூர் வாசகர் (மீண்டும்): பதிலை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, முட்டி தேய்ந்தவர்கள் எப்படி அமர்வது என்று கேட்கச் சொன்னார். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர்.

நாற்காலியில் அமரட்டும். பாதங்கள் தரையில் நன்றாகப் பதியட்டும். குளிர் ஏறாமல் இருக்கக் காலடியில் சாக்கு ஒன்றை மடித்துப் போடுங்கள். நடத்தல், நிற்றல், அமர்தல், படுத்தல் ஆகிய நான்கும் சுத்தத்திலேயே சொல்லப்பட்டவைதாம். ஆகையால் அமர முடியாத நாளில் படுத்துக்கொண்டே மூச்சைக் கவனிக்கலாம். முட்டிக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.