அப்பாவுக்குப் பக்கவாதம். பிசியோதெரபி நடக்கிறது. ஆக்குபேஷனல் தெரபியும் வேண்டும் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே, வீண் செலவா?

வீண் செலவு இல்லை. இரண்டும் ஒன்றல்ல. எங்கள் வீட்டிலும் சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் இதையேதான் கேட்டார்கள். அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் டாக்டரும் இல்லை, தெரபிஸ்டும் இல்லை. பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொண்ட மகள். மருந்து மாத்திரை பற்றி ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை, அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

பிசியோதெரபி கை காலை அசைய வைக்கிறது, நிற்கவும் நடக்கவும் பழக்குகிறது. அந்த நடையை வைத்துக்கொண்டு பாத்ரூம் போய், குளித்து, வேட்டி கட்டி, சாப்பிட்டு எழ முடிகிறதா என்பது வேறு கேள்வி. அதைப் பார்ப்பவர்தான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்.

என் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மூளையின் வலப்பக்கம் அடைப்பு, இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. பேச்சு தெளிவாக இருந்ததால் மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைத்தோம். ஆஸ்பத்திரியில் தட்டில் இரண்டு இட்லி வைத்தால் வலப்பக்கம் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னொண்ணு வைம்மா" என்பார். இன்னொன்று தட்டிலேயே இருக்கும், இடப்பக்கம். வாய்க்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அம்மா சட்னியை மாற்றி மாற்றி அரைத்துக் கொண்டுவந்தார். சவரம் செய்தால் வலக்கன்னம் மட்டும் சுத்தமாக இருக்கும், இடக்கன்னத்தைத் தொட்டிருக்கவே மாட்டார். கண் நன்றாகத்தான் இருந்தது. மூளைதான் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே கவனிக்கவில்லை.

வார்டுக்கு வந்த தெரபிஸ்ட், சின்ன வயதுப் பெண், தட்டைப் பார்த்ததுமே விஷயத்தைப் பிடித்துவிட்டார். தட்டின் இட ஓரத்தில் சிவப்பு டேப் ஒன்றை ஒட்டி, "அப்பா, சிவப்பு தெரியிற வரைக்கும் தலையைத் திருப்புங்க, அப்புறம் அடுத்த வாய்" என்றார். எங்களை அவருக்கு இடப்பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசச் சொன்னார். தூக்கி உட்கார வைக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும், கைக்கு அடியில் எப்போதும் தலையணை இருக்கட்டும் என்றார். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்குவதுதான் நம் ஊர் வழக்கம். உங்கள் வீட்டில் இதை மட்டுமாவது இன்றே நிறுத்துங்கள்.

அடுத்து மறுவாழ்வு மையம். அங்கே பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கச் சொன்னபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன வேலை பார்த்தார் என்று அங்கிருந்த தெரபிஸ்ட் கேட்டார். மறுநாள் ஒரு தட்டு நிறைய போல்ட்டும் நட்டும் வந்தது. இடக்கையால் போல்ட்டைப் பிடித்து வலக்கையால் நட்டை முடுக்க வேண்டும். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, மரை தேய்ந்த போல்ட்டுகளையெல்லாம் தனியாகப் பொறுக்கி வைத்தார். படுத்த பிறகு அவர் அவராக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

சட்டை போடும்போது விழுந்த கை முதலில் உள்ளே போக வேண்டும், கழற்றும்போது நல்ல கை முதலில் வெளியே வர வேண்டும். இந்த ஒரு வரிசை தெரிந்தால் பாதிப் போராட்டம் குறையும். ஒற்றைக் கையால் வேட்டி கட்ட முடியாது, ஒட்டிக்கோ வேட்டி வாங்கினோம். தானே ஒட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். ஆனால் சட்டை போட்டு முடிக்க அரை மணி நேரம் ஆகும். கையெட்டும் தூரத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன். அதைப் பார்த்துத்தான் அத்தை, "வயசான மனுஷனை இப்படிப் பாடாய்ப் படுத்தறியே, நீ போட்டுவிட்டா குறைஞ்சா போயிடுவே?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. பெற்றவர் பட்டனோடு போராடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போட்டுவிடுவதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

செலவு பற்றிக் கேட்டீர்கள். எங்களுக்குச் செலவழித்த காசுக்குப் பலன் கிடைத்தது வீட்டில்தான். மையத்தில் பார்த்தெல் அட்டவணை என்று ஒன்று போடுவார்கள், 1965 முதல் இருப்பது. சாப்பிடுவது, குளிப்பது, படியேறுவது என்று 10 காரியங்களை எவ்வளவு தூரம் தானே செய்கிறார் என்று பார்த்து, மொத்தம் 100-க்கு மதிப்பெண் போடுவார்கள். அப்பா நல்ல மதிப்பெண்ணோடுதான் வீடு திரும்பினார். வந்த ராத்திரியே கக்கூஸில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. மையத்தில் உட்கார்ந்தால் பிடிகம்பி வலக்கைப் பக்கம். எங்கள் வீட்டில் சுவர் இருப்பது இடக்கைப் பக்கம், பிளம்பர் அதில்தான் கம்பியை அடித்துக் கொடுத்திருந்தார். ஊன்றி எழ வலுவில்லாத கைக்குக் கம்பி இருந்து என்ன பிரயோஜனம்? தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து, பின்சுவரிலிருந்து வலப்பக்கமாக நீளும், வேண்டாதபோது மேலே மடக்கிவிடுகிற கம்பியைப் போடச் சொன்னார். தரையில் கிடந்த கால்மிதிகளை எல்லாம் எடுக்கச் சொன்னார். கட்டிலின் உயரத்தை அப்பாவின் முழங்காலை வைத்து அளந்தார். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி எரிகிற சின்ன விளக்கு, நிலைப்படியில் கண்ணில் படுகிற மாதிரி மஞ்சள் பட்டை, அவ்வளவுதான். பெரிய செலவு ஒன்றும் இல்லை. இதை எந்த ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டும் சொல்லியிருக்க முடியாது.

100 வாங்கினால்கூடத் தனியாக இருக்க முடியும் என்று அர்த்தமில்லை. சமைப்பது, மாத்திரை டப்பாவைப் பார்த்து எடுப்பது, பேங்க் வேலை எதுவும் அந்த அட்டவணையில் கிடையாது. உங்கள் அப்பா அம்மா மட்டும் தனியாக இருக்கிறார்கள் என்றால் இவற்றைத் தனியாகக் கேளுங்கள்.

முதியோர் இல்லத்தில் விட்டிருப்பவர்களுக்கும் ஒன்று. என் பெரியம்மா ஓர் இல்லத்தில் இருந்தார். மெதுவாக என்றாலும் தன் கையால் சாப்பிடுவார். அங்கே நேரமாகிறது என்று ஸ்பூனால் ஊட்டினார்கள். கொஞ்ச நாளில் தட்டை முன்னால் வைத்தாலும் கை மடியிலிருந்து எழவில்லை. வேலை செய்கிற பெண்களைக் குறை சொல்லவில்லை, ஒருத்தி எத்தனை பேரைத்தான் பார்ப்பாள்? பெரியம்மாவைக் கடைசிப் பந்தியில் உட்கார வையுங்கள், முதல் வாய்க்கு மட்டும் கையைப் பிடித்து வாய்வரை கொண்டுபோங்கள் என்று கேட்டோம், செய்தார்கள். கை திரும்ப எழுந்தது.

"இதெல்லாம் கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகள் புதிதாகக் கண்டுபிடித்த பில்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். கமலா நிம்ப்கர் என்பவர் மும்பையில் ஆக்குபேஷனல் தெரபிக்கான இந்தியாவின் முதல் பள்ளியைத் தொடங்கியது 1950-இல். மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக 2021-இல் வந்த மத்தியச் சட்டத்திலும் பிசியோதெரபி தனி, இது தனி.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பாடுபட்டு நடக்க வைத்த அப்பாவை ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போக முடியவில்லை. மண்டபத்தில் முகூர்த்தம் கீழே, பந்தி மாடியில், லிஃப்ட் கிடையாது. கை கழுவுகிற இடம் முழுக்கத் தண்ணீர். தாத்தா பாட்டி வராத கல்யாணம் ஒன்று உண்டா? லட்சக்கணக்கில் வாடகை வாங்குகிறவர்கள் ஒரு சாய்வுப் பாதை போட மாட்டார்களா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையெல்லாம் கேட்கிறது. எங்கள் ஊரில் எந்த மண்டபக்காரரும் அதைக் கேள்விப்பட்ட மாதிரி தெரியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கையில் காசு குறைவு என்றால், தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் நடக்கிறது, பிசியோதெரபி வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள். அதில் மிச்சமாகிற காசை வைத்து ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை ஒருமுறையாவது வீட்டுக்கு வரவழையுங்கள். அப்பா கட்டிலிலிருந்து எழுவதையும், பாத்ரூம் போவதையும், சாப்பிடுவதையும் அவர் முன்னால் செய்யட்டும். அதற்கு முன்பு, எதைத் தானே செய்ய ஆசைப்படுகிறார் என்று அப்பாவிடமே கேட்டுவையுங்கள். வலக்கை விழுந்ததா இடக்கை விழுந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இடக்கை என்றால் இன்று ராத்திரி அவர் சாப்பிட்டு முடித்ததும் தட்டைப் பாருங்கள்.