ஒரு கொப்பி முழுக்க அக்கா, நான் எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று, எழுதுவதைப் பற்றியவை. போன மாதம் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது "மனதில் இருப்பதைத் தினமும் கொஞ்சம் எழுதிப் பாருங்கள்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன், அதன் வினை. சரி, நான்தானே பதிலும் சொல்லவேண்டும்.

கேள்வி: எனக்கு 38 வயது. உவர்மலையில் அம்மாவோடு இருக்கிறேன். எழுதினால் நம்மை நாமே அறியலாம் என்றார்கள், மூன்று மாதத்தில் ஒரு சீஆர் கொப்பி முடிந்துவிட்டது. திரும்ப வாசித்தால் முழுக்க அக்காவைப் பற்றிய குறைதான். அவ கனடா போய் 14 வருசம். ஞாயிற்றுக்கிழமையில் போன் எடுத்து, அம்மாவுக்கு மருந்து கொடுத்தாயா என்று சுப்பர்வைசர் மாதிரிக் கேட்பா. இந்த 14 வருசத்தில் வந்தது இரண்டு தரம். எழுதி முடித்தால் மனம் இலேசாகும் என்றார்கள், எனக்கு நெஞ்சு கனக்கிறது. 14 வருசமாக நான் படுவது யாருக்குத் தெரியும்? நான் ஒரு எரிச்சல் பிடித்த பொம்பிளை என்பதைத்தான் அறிந்துகொண்டேன். நிறுத்திவிடவா?

பதில்: நெஞ்சு கனக்கிறது என்று பயப்படாதீர்கள், தங்கச்சி. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 46 பல்கலைக்கழக மாணவர்களை நாளுக்கு 15 நிமிடம், அடுத்தடுத்து நான்கு நாள் எழுதவைத்தார்கள். சிலர் சும்மா சாதாரண விஷயங்களை எழுதினார்கள், மற்றவர்கள் தங்களை உலுக்கிய சம்பவங்களை. நடந்ததையும் அப்போது மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, பேனையை வைத்த கையோடு மனநிலை இன்னும் மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் உடம்புக்கு வருத்தம் என்று வைத்தியரிடம் போனது அவர்கள்தான் குறைவு.

அவர்கள் எழுதியது நான்கு நாள், நீங்கள் மூன்று மாதம். இதுதான் எனக்கு இடிக்கிறது. பென்னிபேக்கர் பிற்பாடு இப்படி எழுதியவர்களின் சொற்களை எண்ணிப் பார்த்தபோது, "அதனால்", "இப்போதுதான் விளங்குகிறது" என்ற மாதிரிச் சொற்கள் நாள் போகப் போகக் கூடிவந்தவர்களுக்குத்தான் பலன் அதிகமாக இருந்தது. முதல் நாள் கதையையே கடைசி நாளும் சொல்லிக்கொண்டிருந்தால், அது வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் புலம்புவது போலத்தான். அதிலும் ஒரு ஆறுதல் உண்டு, நான் இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அதற்குக் கொப்பி வாங்கத் தேவையில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். 14 வருசம் மூன்று இடத்தில் வருகிறது. அம்மா எப்படி இருக்கிறா என்று ஓரிடத்திலும் இல்லை. மருந்து வருகிறது, அம்மா வரவில்லை.

குற்றம் பிடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள், நானும் இதையே செய்தவள்தான். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வருசம் நான் தினமும் எழுதினேன், பெரிய எழுத்தாளர் என்ற நினைப்பு. அவர் போய் நெடுநாளைக்குப் பிறகு அந்தக் கொப்பியை எடுத்தால், பக்கத்துக்குப் பக்கம் கடல். டச்சுக் குடாவில் இன்றைக்கு அலை எப்படி, வாடைக் காற்றுக்கு வள்ளங்கள் இறங்கினவா இல்லையா, கச்சான் விற்கிற கிழவர் வந்தாரா. அப்பா நாலு வரியில்கூட இல்லை. வீட்டுக்குப் போகப் பயந்து கடற்கரையில் குந்தியிருந்த ஒருத்தியை அன்றைக்குத்தான் கண்டேன். எழுதிய காலத்தில் அவளை எனக்குத் தெரியவே தெரியாது. கொப்பியில் எழுதாமல் விட்டதுதான் அவளைக் காட்டிக்கொடுத்தது.

ஆகவே நிறுத்தவேண்டாம், கொஞ்சம் மாற்றுங்கள். அக்காவை ஒரு கிழமைக்கு விட்டுவிட்டு அம்மாவை எழுதுங்கள். "அம்மாவைப் பார்ப்பது கஷ்டம்" என்பதெல்லாம் வேண்டாம். காலையில் அவவை எழுப்பும்போது உங்கள் கை எங்கே பிடித்தது, அவ முதலில் என்ன கேட்டா, நீங்கள் என்ன சொன்னீர்கள், எந்த இடத்தில் குரல் உயர்ந்தது. இப்படி எழுதும்போது எங்கேயாவது பேனை தயங்கும், "சரி, இது தேவையில்லை" என்று தாண்டிப்போகத் தோன்றும். தாண்டாமல் அந்த இடத்தில் இன்னும் இரண்டு வரி எழுதுங்கள்.

இன்னொன்று. ஒரு பக்கத்தையாவது "நான்" என்று எழுதாமல் "அவள்" என்று எழுதிப் பாருங்கள். "அவள் போனை வைத்துவிட்டு மருந்துப் பெட்டியைத் திறந்தாள்." பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கும். ஆனால் தன் கதையைச் சற்றுத் தள்ளிநின்று பார்ப்பவர்கள் அதே கோபத்துக்குள் சுற்றிச் சுற்றி வருவது குறைகிறது என்று ஆய்வுகள் இருக்கின்றன, எனக்கும் அது வேலை செய்தது. எரிச்சல் பிடித்தவளா என்பதை அந்த "அவளை" வாசித்த பிறகு சொல்லுங்கள். எனக்கென்றால் களைத்துப்போன ஒருத்தியாகத்தான் தெரிகிறா.

கேள்வி: உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டில் நிற்கிறேன், கிண்ணியா. எழுத உட்கார்ந்தால் கட்டுரைப் போட்டிக்கு எழுதுவது போல வருகிறது. பேச்சுத் தமிழில் எழுதினால் பிழையா?

பதில்: பிழையே இல்லை தம்பி, இதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். "அவரது செயல் கண்டு மனம் வருந்தினேன்" என்று எழுதினால் யாரும் நல்ல பிள்ளையாகிவிடலாம். "அவன் அப்பிடிக் கேட்டதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு" என்று எழுதினால் தப்ப வழியில்லை. நம்முடைய எழுத்துத் தமிழ் பெருநாள் உடுப்பு மாதிரி, போட்டால் நடையே மாறிவிடும். 1736 தொடங்கி 1761 வரை புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப்பிள்ளை, பிரெஞ்சு ஆளுநருக்குத் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவ்வளவு பெரிய மனிதர், அவரே பேச்சு வழக்கெல்லாம் கலந்துதான் எழுதிவைத்தார். நீங்கள் யோசிக்கிறீர்களே! வீட்டில் உம்மாவோடு கதைக்கிற பாஷையில் எழுதுங்கள். அடித்துத் திருத்தவேண்டாம்.

கேள்வி: வயது 67, ஓய்வுபெற்றவன், திருகோணமலை நகரம். இளமையில் டயரி எழுதினேன். பிரச்சினைக் காலத்தில், சுற்றிவளைப்பு நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டு நானே எரித்தேன். இப்போது எழுத ஆசை, ஆனால் உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

பதில்: ஐயா, உங்கள் கை உங்களைக் காப்பாற்றிப் பழகிய கை. இந்த ஊரில் எழுதிவைத்த ஒரு பெயரும் ஒரு முகவரியும் ஆளைக் கொண்டுபோகப் போதுமாக இருந்த காலத்தை நானும் கண்டவள். எங்கள் அம்மா, மாமா அனுப்பிய கடிதங்களை ஒவ்வொன்றாக வாசித்து வாசித்து அடுப்பில் வைத்தா. அன்றைக்குச் சோறு அந்த நெருப்பில்தான் வெந்தது. பிறகு எவ்வளவு காலத்துக்கு அவ கடைச் சாமான் துண்டுகூட எழுதவில்லை, எல்லாம் மனக்கணக்கு. அந்தப் பயம் கொப்பியைத் திறந்த உடனே போய்விடாது.

பெரிய விஷயங்களுக்கு இப்போது போகவேண்டாம். போரும் சுனாமியும் பார்த்த மனிதர்கள் தனியே உட்கார்ந்து கிளறக்கூடாதவை சில இருக்கின்றன. எழுதிய இரவு நித்திரை வராமல் போனால், அது கிழமைக்கணக்கில் நீண்டால், கொப்பியை மூடிவிட்டு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொடங்குவதென்றால் எரித்த டயரியிலிருந்தே தொடங்கலாமே. அதை யார் தந்தது, எந்த அறையில் இருந்து எழுதுவீர்கள், எரித்த அன்று வீட்டில் வேறு யார் இருந்தார்கள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லையென்றால் அட்டையின் நிறத்தை மட்டும் எழுதிவிட்டுப் போய்ப் படுங்கள், மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம்.