பத்து ரூபாய் நாணயமும் பாஸ்டரும்

கேள்வி: எங்கள் பாஸ்டர், ஜெபத்துக்கு வந்த ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டார். அவரே ஒப்புக்கொண்டும் விட்டார். தேவனாம்பட்டினம் கடலில் எனக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர்தான். அது இனி செல்லுமா? 'அபிஷேகம் பெற்றவரைப் பற்றிப் பேசாதே' என்று மூப்பர்கள் வாயை அடைக்கிறார்கள். என் விசுவாசத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?
(பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்)

பதில்: செல்லுமா என்று கேட்டீர்களே, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். இதைப் பற்றி எழுத ரொம்ப நாளாகச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் அங்கே வாங்கிய மதுபாட்டில் செல்லாது. சரி, அதற்குச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நாணயம் என்ன பாவம் செய்தது? புதுச்சேரி டீக்கடையில் சில்லறையாகக் கொடுத்தார்கள். கடலூர் பஸ்ஸில் நீட்டினால் கண்டக்டர் வாங்கி, கோடு பத்தா பதினைந்தா என்று எண்ணுகிறார், ரூபாய்க் குறி இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறார், கடைசியில் "தாளா குடு சார்" என்று கையிலேயே திணிக்கிறார். அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. அந்த அறிவிப்பைச் செல்போனில் காட்டினேன். "ரிசர்வ் பேங்க் இந்த வண்டியில ஏறட்டும், அவங்ககிட்ட வாங்கிக்கறேன்" என்றார். பக்கத்து சீட்டுக்காரர் அவர் பக்கம் பேச, எதிர் சீட்டு அம்மா என் பக்கம் பேச, ரெட்டிச்சாவடி வரும்வரை பஸ்ஸில் இதே விவாதம்தான்.

ஆனால் அந்தக் கண்டக்டர்கூட ஒன்றைக் கேட்கவில்லை: இதை உனக்குக் கொடுத்தவன் யோக்கியனா? திருடன் கை வழியாக வந்தாலும் நாணயம் அரசாங்கத்துடையது. உங்கள் ஞானஸ்நானம் விஷயமும் அவ்வளவுதான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 303-இல் ரோமப் பேரரசன் தியோக்ளேசியன் வேதப் புத்தகங்களைப் பிடுங்கி எரிக்க ஆணையிட்டபோது, வட ஆப்பிரிக்காவில் சில குருமார் உயிருக்குப் பயந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆபத்து நீங்கியதும் சண்டை ஆரம்பித்தது. காட்டிக்கொடுத்தவர் கை வைத்துச் செய்த குருப்பட்ட அபிஷேகம் செல்லாது என்றது தொனாத்துஸ் என்ற ஆயரின் கட்சி. 314-இல் ஆர்ல் நகரில் ஆயர்கள் கூடிச் செல்லும் என்றார்கள். சண்டை ஓயவில்லை. நூறு வருடம் கழித்தும் ஆயர் அகஸ்டின் அதே வழக்கைத்தான் பேசிக்கொண்டிருந்தார்: யூதாஸ் ஞானஸ்நானம் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துதான் என்று.

இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளில் 26-ஆவது விதியும் இதையே சொல்கிறது. ஊழியர் கெட்டவர் என்பதால் சடங்கின் பலன் கெடாது. மூப்பர்களுக்கு இந்த முன்பாதி ரொம்பப் பிடிக்கும். பின்பாதியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை: அப்படிப்பட்டவரை விசாரிக்க வேண்டும், விஷயம் தெரிந்தவர்கள் முன்வந்து குற்றம் சாட்ட வேண்டும், நிரூபணமானால் பதவியைப் பறிக்க வேண்டும்.

அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே என்ற வசனம் பற்றி எனக்கும் நெல்லிக்குப்பம் வாசகர் ஒருவருக்கும் பழைய தகராறு. அவருக்காக இன்னொரு முறை சொல்கிறேன். சங்கீதம் 105-ஐ முன்னும் பின்னும் சேர்த்து வாசியுங்கள். சொந்த நிலம் இல்லாமல், கொஞ்சம் பேராக ஊர் ஊராக அலைந்தவர்களைத் தொடாதீர்கள் என்று ராஜாக்களை அதட்டிய வசனம் அது. இன்று அதைச் சொல்பவர் மஞ்சக்குப்பத்தில் இருபதடி பிளெக்ஸில் கோட்டு சூட்டோடு சிரிக்கிறார். அந்த பேனரில் இயேசுவைத் தேடிப் பார்த்தேன், செல்போன் நம்பருக்குக் கீழே ஓரமாக இருந்தார். தாவீது ராஜாவும் அபிஷேகம் பெற்றவன்தான். அவன் அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டபோது நாத்தான் தீர்க்கதரிசி வாயை மூடிக்கொண்டா இருந்தான்?

சென்னையில் பிறந்து உலகம் முழுக்கப் பிரசங்கித்த ரவி சகரியாஸ் 2020-இல் இறந்தார். அவர் பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தது உண்மை என்று அவருடைய அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணை 2021 பிப்ரவரியில் உறுதி செய்தது. 2017-இல் புகார் சொன்ன பெண்ணை அதே அமைப்பு நம்பவில்லை. பிற்பாடு மன்னிப்புக் கேட்டது. உங்கள் மூப்பர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஆமாம், உங்கள் கடிதத்திலும் அந்தப் பெண் ஒரே ஒரு வரியில்தான் வருகிறார். அவர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறார்? அதை விசாரித்தீர்களா?

விசுவாசத்தைக் காப்பாற்றும் வழியைக் கோயில் பக்கமே போகாத என்னிடம் கேட்டு என்ன பிரயோசனம்? வெளியிலிருந்து பார்ப்பவனாக ஒன்று சொல்லலாம். பாஸ்டர் போனால் சபையே போய்விடும் என்று பதறி அவரை மூடி மறைக்கிறார்களே, விசுவாசம் இல்லாதவர்கள் அவர்கள்தான். உங்களுக்கு என்ன வந்தது? வேறு சபைக்குப் போவதென்றால் போங்கள். அங்கே மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றால் மட்டும் சம்மதிக்காதீர்கள்.

கடலூர் என்றதும் கீர்நாந்தர் ஞாபகம் வருகிறார். 1740-இல் இங்கே வந்த சுவீடன் நாட்டு மிஷனரி. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்ததும் கல்கத்தா போனார். அங்கே வசதியான விதவையை மணந்து, 1770-இல் சொந்தக் காசில் ஒரு கோயிலும் கட்டி முடித்தார். 1787-இல் கடனில் திவாலாகி, கோயிலையும் ஜப்தி செய்துவிட்டார்கள். அவர் விவகாரம் வெறும் பணம்தான், உங்கள் பாஸ்டரோடு சேர்த்துவிடாதீர்கள். கோயில் இன்றும் கல்கத்தாவில் இருக்கிறது. 10,000 ரூபாய் கட்டி அதை மீட்டவர் பாதிரியார் இல்லை, சார்லஸ் கிராண்ட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்.