எல்லை தாண்டி வரும் பழைய கார்: தரகர் சொல்லும் சொற்களின் பொருள் என்ன?

கேள்வி: காரிமங்கலத்தில் வசிக்கிறேன். ஓசூரில் ஒரு தரகர், 2019-ஆம் ஆண்டின் கர்நாடகப் பதிவு எண் கொண்ட ஸ்விஃப்ட் காரைக் காட்டி, "சிங்கிள் ஓனர், எச்.பி. முடிந்துவிட்டது, இன்சூரன்ஸ் லைவ், என்.சி.பி. 50 சதவீதம், என்.ஓ.சி. கொடுத்துவிடுவோம்" என்கிறார். நம் ஊர் எண் கொண்ட காரைவிட விலையும் குறைவு. வாங்கலாமா?

பதில்: விலை குறைவாக இருப்பதற்கு முதற்காரணம், அந்தக் காருக்குக் கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரி தமிழ்நாட்டில் செல்லாது என்பதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வாகனத்திற்கு அந்த மாநிலத்தின் புதிய எண்ணைப் பெற்றாக வேண்டும். அந்த அவகாசம் எண்ணை மாற்றுவதற்கு மட்டுமே, வரியிலிருந்து விலக்கு அன்று. காரின் வயதையும் விலையையும் வைத்து இங்கே கணக்கிடப்படும் வரியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிந்து, அதைத் தரகர் சொல்லும் விலையோடு கூட்டிய பிறகே மலிவா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். கர்நாடகத்தில் கட்டிய வரியில் திரும்பக் கிடைக்கக்கூடிய தொகையை யார் கோருவது என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

அடுத்து என்.ஓ.சி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனெனில் இரண்டு வேறு தாள்களுக்கும் இந்த ஒரே பெயர் வழங்குகிறது. ஒன்று, கடன் அடைந்துவிட்டது என்று வங்கியோ பைனான்ஸ் நிறுவனமோ தரும் தடையின்மைக் கடிதம். மற்றொன்று, வாகனத்தை வேறு மாநிலத்திற்கு எடுத்துச் செல்லத் தடையில்லை என்று கர்நாடக ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் படிவம் 28. உங்களுக்கு இரண்டாவது கட்டாயம் வேண்டும். எந்த அலுவலகத்திற்கு வாகனம் செல்கிறது என்பது அதில் குறிக்கப்படும் என்பதால், தரகர் ஓசூர்க்காரர் என்பதற்காக ஓசூர் அலுவலகத்தின் பெயரில் வாங்கிவிடாமல், தருமபுரி என்று இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்.பி. என்பது கார் மீது வாங்கிய கடன். "எச்.பி. முடிந்துவிட்டது" என்றால் தவணை முடிந்தது என்று மட்டுமே பொருளாக இருக்கலாம். வங்கிக் கடிதத்தோடு படிவம் 35-ஐக் கொடுத்து நீக்கும்வரை, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) கடன் கொடுத்தவரின் பெயர் அப்படியே நிற்கும். எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் பதிந்து பார்த்தால் இதுவும், காப்பீட்டின் காலாவதித் தேதியும் தெரியும். நிலுவை அபராதங்களை இ-சலான் பகுதியில் பார்க்கலாம்.

"சிங்கிள் ஓனர்" என்ற சொல்லும் ஆர்.சி.யை மட்டுமே சார்ந்தது. உரிமையாளரிடம் பெயர் மாற்றத்திற்கான படிவம் 29, 30-இல் கையொப்பம் வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலேயே இரண்டு மூன்று கை மாறிய கார்களும் சந்தையில் உண்டு. விபத்து இழப்பீட்டில் ஆர்.சி.யில் பெயருள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாக்கிய பிறகும் இப்பழக்கம் ஓயவில்லை. எனவே, ஆர்.சி.யில் பெயருள்ளவரிடமே நேரில் பேசாமல் பணம் கொடுக்காதீர்கள்.

என்.சி.பி. என்பது இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் காப்பீட்டுக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி. அது பாலிசி எடுத்தவருக்கு உரியது, காருக்கு உரியதன்று. 50 சதவீதம் என்று அவர் பெருமைப்படுவதில் உங்களுக்கு ஒரு ரூபாயும் இல்லை. பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றும்போது அந்த வித்தியாசத்தை நீங்களே கட்ட நேரிடும். மாற்றுவதற்கு வாங்கிய 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், இல்லையெனில் உங்கள் காருக்கு நேரும் சேதத்திற்கு இழப்பீடு பெறுவது சிக்கலாகிவிடும்.

காரின் நிலையைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். 2022 செப்டம்பரில் பெங்களூருவின் வெளிவட்டச் சாலைப் பகுதியில் வெள்ளம் சூழ்ந்ததை மறந்துவிட வேண்டாம். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்து, அடிப்பகுதியில் சேற்றுக் கறையும், இருக்கையின் தண்டவாளத்தில் துருவும் இருந்தால், மெக்கானிக்கைக்கூட அழைக்க வேண்டாம், விட்டுவிடுங்கள்.

மற்றவை சரியாக இருந்தால் சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்து ரசீது பெறுங்கள். தருமபுரி பெயரிட்ட படிவம் 28 கைக்கு வந்த பிறகு மீதியை, இயன்றவரை ஆர்.சி.யில் பெயருள்ளவரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள்.