ஆத்தென்டிகேட்டர் ஆப்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: எஸ்எம்எஸ்ஸில்தான் ஓடிபி வருகிறதே சார், லாகின் எண்ணைக் காட்டத் தனியாக ஒரு ஆப் எதற்கு?

பதில்: எஸ்எம்எஸ் உங்கள் சிம்மை நம்பி இருக்கிறது. போலி ஆவணம் காட்டி உங்கள் நம்பருக்கு ஒருவன் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவனுக்குப் போய்விடும். ஆப்பில் தெரியும் எண்ணை யாரும் அனுப்புவதில்லை. ஆப்பை உங்கள் கூகுள் கணக்கோடு இணைக்க, திரையில் வரும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி போனில் பதிவாகிறது. அதே சாவி கூகுள் சர்வரிலும் இருக்கிறது. சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்து இரண்டு பக்கமும் ஒரே கணக்கைப் போடுகின்றன. 30 விநாடிக்கு ஒருமுறை புது ஆறு இலக்க எண் வருவது அப்படித்தான். 2011-ல் ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தர ஆவணமாக வெளியான பொது முறை இது. அதனால் கூகுள் கணக்குக்கு கூகுள் ஆப்தான் வேண்டும் என்பதில்லை. மைக்ரோசாஃப்ட், ஏஜிஸ், என்டே ஆத் எது வேண்டுமானாலும் போடலாம். டவர் கிடைக்காத ஊரிலும் எண் வரும்.

கேள்வி: என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை. போனில் தெரியும் கியூஆரை அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வது?

பதில்: செய்ய வேண்டாம் தம்பி. கியூஆருக்குக் கீழே ‘ஸ்கேன் செய்ய முடியவில்லையா’ என்று இருக்கும். அதைத் தொட்டால் சாவி எழுத்துகளாக வரும். காப்பி செய்து, ஆப்பில் பிளஸ் குறியைத் தொட்டு, சாவியை உள்ளிடும் இடத்தில் ஒட்டுங்கள். கியூஆரை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுக்காதீர்கள். அந்தப் படம் யார் கையில் கிடைத்தாலும் உங்கள் எண்கள் அவர் போனிலும் ஓடும்.

கேள்வி: எண்ணைச் சரியாகத்தான் அடிக்கிறேன், தவறு என்றே வருகிறது.

பதில்: போன் கடிகாரம் ஓரிரு நிமிடம் தள்ளி ஓடும். நேரத்தை ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள்.

கேள்வி: பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். இப்போது உள்ளே போக முடியவில்லை.

பதில்: பேக்கப் கோடு எழுதி வைத்தீர்களா? ஆப் எண்ணுக்குப் பதிலாக அடிக்க கூகுள் பத்து கோடு தரும், எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அது இல்லையென்றால் கூகுளின் அக்கவுண்ட் ரெக்கவரி பக்கம்தான் வழி.

கேள்வி: போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, ஆப்பும் போச்சு…

பதில்: மேலே உள்ள பதில்தான். தயவுசெய்து எல்லோரும் கேளுங்கள்: பேக்கப் கோடைத் தாளில் எழுதும்வரை செட்டிங் முடியவில்லை.

கேள்வி: 2023-லேயே கூகுள் ஆத்தென்டிகேட்டரில் கிளவுட் சிங்க் (சாவிகளை கூகுள் கணக்கிலும் சேமிக்கும் வசதி) வந்துவிட்டது. இன்னும் தாள், பேனா என்கிறீர்களே?

பதில்: நல்ல கேள்வி, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிங்க் ஆன சாவி உங்கள் கூகுள் கணக்குக்குள் இருக்கிறது. கையில் இருந்த ஒரே போன் தொலைந்தால் அந்தக் கணக்குக்குள் நுழையவே எண் கேட்கும். பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

கேள்வி: நான் சிங்க் வைத்துத்தான் மூன்று போன் மாற்றிவிட்டேன். நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: போன் மாற்றும்போது பழையது கையில் இருந்திருக்கும். திருடு போகும்போது இருக்காது. இன்னொன்று: அந்த சிங்க் வந்தபோது அதில் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன், அதாவது உங்களைத் தவிர கூகுள்கூடப் படிக்க முடியாத பூட்டு, இல்லை. கூகுள் கணக்கு ஒன்று பறிபோனால் மற்றக் கணக்குகளின் சாவிகளும் சேர்ந்து போகலாம். சிங்க் வசதிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. தாளுக்கு அது மாற்று இல்லை.

கேள்வி: வாட்ஸ்அப்புக்கும் இந்த ஆப்பா?

பதில்: இல்லை. அதில் டூ-ஸ்டெப் பின் தனியாக இருக்கிறது, ஆறு இலக்கம், நீங்களே வைப்பது.

கேள்வி: ‘கஸ்டமர் கேர்’ என்று ஒருவர் போனில் ஆப் எண்ணைக் கேட்டார்.

பதில்: சொல்லவே சொல்லாதீர்கள். போலி லாகின் பக்கத்தில் நீங்கள் அடித்தாலும் அதே ஆபத்து, அந்த 30 விநாடிக்குள் அவன் உள்ளே போய்விடுவான். பக்கத்தின் இணைய அட்ரஸைப் பார்த்துவிட்டு எண்ணை அடியுங்கள்.

கேள்வி: போன் தொலைந்தால்…

பதில்: பேக்கப் கோடு.

கேள்வி: அம்மாவுக்கு வைத்துக் கொடுக்கப் போகிறேன். அவருக்கு அடிக்கடி போன் ரிப்பேர் ஆகும்.

பதில்: ஒரே கியூஆரை அம்மா போனிலும் உங்கள் போனிலும் அடுத்தடுத்து ஸ்கேன் செய்துவிடுங்கள் அக்கா. இரண்டிலும் ஒரே எண் வரும். திரையை மூடிவிட்டால் அந்தக் கியூஆர் மறுபடி வராது, அதனால் இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். பத்து கோடையும் எழுதி அவர் பாஸ்புக் வைக்கும் கவரில் போடுங்கள்.